சிறுமியின் வாயில் யாருடைய உவமை?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஒன்பது வயதுச் சிறுமி தன் பாட்டியைப் பற்றித் தானே 'நான்' என்று சொல்லிச் செல்லும் நாவலொன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டி இளமையில் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர் "உவமை அதிகம், குறைத்துவிடு" என்றாராம். ஒரு பக்கத்துக்கு எத்தனை உவமை இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஒன்பது வயதுக் குழந்தை உருவகமாகச் சிந்திக்குமா, பாட்டியைப் பழமொழியில் பேச வைத்தால் பழைய பாணியாகிவிடுமா என்ற இரண்டு துணைக் கேள்விகளும் உண்டு. நீங்கள் சான்றுக்குத் தந்த மூன்று வாக்கியங்களைப் படித்தபோது, உங்கள் நண்பரை உறுத்தியது எண்ணிக்கைதானா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. சிறுமி வாயைத் திறக்கும்போதெல்லாம் நன்கு படித்த ஒரு பெரியவரின் குரல் கேட்கிறது. அதை அவர் 'அதிகம்' என்ற சொல்லால் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே 'எத்தனை' என்பதை ஒதுக்கிவிட்டு 'யாருடையது' என்பதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் நாவல் எழுதியவன் இல்லை. பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழும் தமிழ் இலக்கியமும் கற்பித்தேன். பணி ஓய்வுக்குப் பின் நண்பர்களின் கையெழுத்துப் படிகளைத் திருத்திக் கொடுக்கிறேன். அணியிலக்கணம் பற்றி நான் சொல்வதை நூலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். நாவலுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்வதெல்லாம் பல படிகளைத் திருத்திய பழக்கத்தில் வந்த கருத்து. அதற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமாக நான் கண்ட விதி தொல்காப்பிய உவமவியலில் இருக்கிறது. "கிழவி சொல்லின் அவளறி கிளவி" என்கிறது நூற்பா. இங்கே கிழவி என்றால் தலைவி, உங்கள் பாட்டி இல்லை. தலைவி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உவமித்துப் பேசினால், அந்த உவமை அவள் அறிந்த பொருளிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த அடி, "தோழிக்காயின் நிலம்பெயர்ந்து உரையாது": தோழி தான் வாழும் நிலத்தைத் தாண்டிய பொருளை எடுத்து உவமிக்க மாட்டாள். தலைவனுக்கும் ஏனையோருக்கும் வேறு அளவு. எந்த உவமை அழகானது என்று கேட்பதற்கு முன், பேசுபவர் யார், அவர் எதைப் பார்த்திருக்கிறார் என்று நமக்குக் கிடைத்த முதல் இலக்கணமே கேட்டுவிடுகிறது. ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த நூற்பாக்கள் அகப்பாட்டில் மாந்தர் கூற்றாக வரும் குறிப்புவமைக்குச் சொல்லப்பட்டவை. உரையாசிரியர்களும் அப்படியே கொள்கிறார்கள். அதை ஒரு பினாங்கு நாவலுக்கு நீட்டுவது என் துணிவு. ஆனால் 'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் நாவல் முழுவதுமே ஒருத்தியின் கூற்றுதானே என்று எண்ணும்போது, அந்தத் துணிவு அளவு மீறியதாக எனக்குப் படவில்லை.

இப்போது உங்கள் முதல் வாக்கியத்துக்கு வருவோம்: "பாட்டியின் முகம் வறண்டு வெடித்த ஏரியைப் போல இருந்தது." தனியே எடுத்தால் பிழையில்லாத வாக்கியம். ஆனால் உங்கள் சிறுமி வறண்ட ஏரியை எங்கே பார்த்தாள்? அவளுக்குத் தெரிந்த நீர்நிலை பெர்ரிப் படகிலிருந்து தெரியும் கடலும், மழை பெய்தால் நிரம்பி வழியும் வடிகாலும்தான். வெடித்த ஏரி தமிழ்நாட்டுக் கோடையின் பொருள். நாம் படித்த கதைகளின் வழியாகக் கப்பலேறி வந்து, இங்கே மழை ஓயாத ஊரிலும் நம் பேனாவில் உட்கார்ந்திருக்கிறது. மலேசியத் தமிழில் எழுதுகிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு, எனக்கும் உண்டு. சிறுமி வளர்ந்து, நாற்பது வயதில் இராமநாதபுரத்துக்குப் போய்வந்து, பிறகு பாட்டியை நினைத்துக் கதை சொல்வதாக இருந்தால் இதே வாக்கியம் அப்படியே நிற்கும். நீங்கள் ஒன்பது வயதையும் நிகழ்காலத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டதால் அந்தக் கதவு மூடிவிட்டது.

மாற்றாக என்ன செய்யலாம் என்றால், முகத்தைச் சற்று நேரம் விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள் என்பேன். பாட்டியின் மடியில் படுத்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் செய்த காரியம் ஒன்று உண்டு. பாட்டியின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கிவிட்டால் அது உடனே இறங்காது. சிறிது நேரம் அப்படியே நிற்கும். தன் கையில் செய்து பார்த்தால் சட்டென்று தட்டையாகிவிடும். உங்கள் சிறுமி அதைக் 'குட்டிக் கூடாரம்' என்று சொல்லட்டும். பள்ளிச் சாரணர் முகாமில் கூடாரத்தைப் பார்த்திருப்பாள். கூடாரம் விழுவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று விளையாடட்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. முதுமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் முதுமை அவள் விரல் நுனியில் இருக்கிறது. பின்னால் இந்தக் கூடாரத்துக்கு மீண்டும் வருவேன்.

ஏரிக்குப் பதிலாக உள்ளூர்ப் பொருளைப் போட்டால் போதும் என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்ட வாழ்வைப் பற்றிய படிகளில், ரப்பர் மரம் பாலாக அழுகிறது, மரத்தின் காயம் தாயின் காயம், மங்கில் (மரத்தடியில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும் பால் தாய்ப்பால் என்று நான் சிவப்பு மையால் கோடிட்ட இடங்களுக்குக் கணக்கில்லை. முதன்முதலில் அதை எழுதியவர் உண்மையாகவே பார்த்து எழுதியிருப்பார். இப்போது அது பாடநூல் உவமை போலாகிவிட்டது. அதிலும் உங்கள் சிறுமி அடுக்குமாடியில் பிறந்தவள். பால்வெட்டை அவள் கண்ணால் கண்டதே இல்லை. ரப்பர் மரம் அவளுடைய உவமைப் பொருள் ஆகாது, பாட்டியுடையது. இந்த வேறுபாடுதான் உங்கள் நாவலின் கையிருப்பு என்று நினைக்கிறேன்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காகச் சொல்கிறார்: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே." செயலால் ஒத்திருப்பது, பயனால் ஒத்திருப்பது, வடிவால் ஒத்திருப்பது, நிறத்தால் ஒத்திருப்பது. என் அனுபவத்தில், குழந்தைகள் தாமாகச் சொல்லும் ஒப்புமைகளில் மெய்யும் உருவும் மிகுதி. உழைத்து வாழ்ந்த முதியவர்களின் பேச்சில் வினையும் பயனும் மிகுதி. கூடாரம் மெய்யுவமை. பாட்டி அதே தோலைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லமாட்டார், இனி அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்வார். இது இலக்கண நூல் சொல்லும் விதியில்லை, நான் கவனித்த போக்கு. மீறுகிற பிள்ளைகளும் உண்டு. என் பேத்தி ஒருநாள் என் மனைவியை "ஃபிரிட்ஜ் மாதிரி" என்றாள். குண்டாக இருப்பதைச் சொல்கிறாளோ என்று எல்லாரும் பதறினோம். இரவு முழுவதும் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது அவள் விளக்கம். தூய வினையுவமை. உவமிக்கும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியையும் அவள் மீறவில்லை. எங்கள் வீட்டில் மிக உயரமான, ஒருபோதும் அணைக்கப்படாத பொருள் அதுதான்.

ஒன்பது வயதுக் குழந்தை உருவகமாகச் சிந்திக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே தரை அவ்வளவு உறுதியாக இல்லை. எல்லன் வின்னர், ஹோவர்ட் கார்ட்னர் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1970களிலும் 80களிலும் இதை ஆராய்ந்தார்கள். பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகள் விளையாட்டில் ஒன்றை இன்னொன்றின் பெயரால் ஏராளமாக அழைத்துப் பேசுவதையும், பள்ளி வயதில் அது குறைந்து, சொல்லை நேர்ப்பொருளிலேயே பிடித்துக்கொள்ளும் ஒரு பருவம் வருவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நேர்ப்பொருளில் பிடிப்பது புரியாமையாலா, சோதித்த முறையாலா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் தொலைக்காட்சியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் நாவலாசிரியருக்கு அதில் ஒரு துப்பு கிடைக்கிறது. உங்கள் சிறுமி உருவகம் படைப்பவளாக இருப்பதைவிட, பெரியவர்களின் உருவகத்தை நேர்ப்பொருளில் நம்பிவிடுபவளாக இருப்பதில் அதிக உயிர் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உங்கப்பனை வளர்த்தேன்" என்று பாட்டி சொல்கிறார். நமக்கு அது தேய்ந்த தொடர். கயிறு கண்ணுக்குத் தெரியாது. சிறுமிக்குத் தெரியும். எந்தக் கயிற்றால் கட்டினார், பேசும்போது அவிழ்த்துவிடுவாரா, இரவில் தூங்கும்போதும் கட்டியிருந்ததா என்று யோசிக்கிறாள். ஒரு நாள் பாட்டி குளித்துவிட்டுப் புடவை மாற்றும்போது இடுப்பைச் சுற்றிக் கறுத்து அழுந்திய ஒரு தடத்தைப் பார்க்கிறாள். அறுபது ஆண்டுகள் பாவாடை நாடா இறுக்கிய தடம் அது. அவளோ கட்டியது உண்மைதான் என்று முடிவு செய்துகொள்கிறாள். வாயைச் சுற்றித் தடம் இருக்கிறதா என்று அன்றிரவு தூங்கும் முகத்தில் தேடுகிறாள். இந்தக் காட்சியில் ஒரு 'போல' கூட வேண்டாம். அவள் ஒப்பிடவில்லை, நம்புகிறாள். வாசகருக்கு மட்டும் செத்துப்போன உருவகம் ஒன்று எழுந்து உட்காரும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பைப் பெறலாம். 'போல' என்ற சொல், இரண்டு பொருளும் வேறு வேறு என்று பேசுபவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. சிறுமி தெரிந்தே விளையாடும் இடத்தில் அதை வையுங்கள். உண்மையாகவே அப்படித்தான் என்று நினைக்கும் இடத்தில் எடுத்துவிடுங்கள். எந்த உருபு என்பதும் கவனிக்க வேண்டியது. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ என்று பன்னிரண்டு உருபுகளைச் சொல்லி 'பிறவும்' என்று முடிக்கிறது. நம் பேச்சுத் தமிழ் அந்தப் 'பிறவும்' என்பதற்குள்தான் குடியிருக்கிறது. உங்கள் சிறுமி 'மாதிரி' என்பாள்; பாட்டி 'கணக்கா' என்பார், 'ஆட்டம்' என்பார். இருவரையும் 'போல்' என்றும் 'அன்ன' என்றும் சொல்ல வைத்தீர்களானால் இருவரும் ஒரே வகுப்பறையிலிருந்து வந்தவர்களாகிவிடுவார்கள்.

பாட்டியின் பழமொழி. உங்கள் மூன்றாவது வாக்கியத்தில், மகனுக்கு வேலை போன செய்தியைக் கேட்ட பாட்டி, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்கிறார். பழமொழி பேசுவதில் பழைமைவாதம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாத, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) விடியுமுன் எழுந்து ஓடிய ஒரு பெண் பாடநூலின் பழமொழிப் பட்டியலைத் திறந்து பேசுவாரா என்பது ஐயம். அவர் கைப்பட்ட பொருள்கள் நிறைய இருக்கின்றன: உளி, மங்கு, நிரை (மர வரிசை), கட்டிப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்), மழை வந்தால் வெட்டு இல்லாத காலை. பால் எடுத்து முடித்த மரத்தில் மழைநீரும் குப்பையும் விழாதபடி மங்கைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பேத்தியிடம் "கவுத்த மங்குல பால் விழாதுடி" என்று அவர் சொன்னால், அது எந்தத் தொகுப்பிலும் இல்லாத, ஆனால் அவர் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கு. இங்கே உங்களுக்கு ஒரு பரிசும் கிடைக்கிறது. நம் ஊரில் மங்கு என்றால் சாப்பாட்டுக் கிண்ணமும்தான். சிறுமிக்கு உடனே நினைவுக்கு வருவது காலையில் சோளப்பொரியும் பாலும் ஊற்றித் தின்னும் தன் பிளாஸ்டிக் மங்கு. அதைக் கவிழ்த்து வைத்தால் பால் மேசையெல்லாம் ஓடும். பாட்டி தோட்டத்தைச் சொன்னார், பேத்தி சமையலறையைக் கேட்டாள். ஆனாலும் செய்தி சரியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

பட்டியல் பழமொழிகள் உண்மையில் சிறுமிக்கு உரியவை. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் தனிப்பகுதி. உவமைத்தொடர், மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று பிள்ளைகள் பொருளோடு மனப்பாடம் செய்கிறார்கள். 'இலைமறை காய் போல', 'நகமும் சதையும் போல', 'மழை காணாப் பயிர் போல.' அப்படியானால் வறண்ட நிலத்தின் உவமை அவள் வாயில் நியாயமாக வரும் வழி ஒன்று இருக்கிறது: பாடமாக. வடிகால் நிரம்பி வாகன நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில், அப்பா முகம் வாடியிருப்பதைப் பார்த்து, ஆசிரியருக்கு ஒப்பிப்பதைப்போல் அவள் 'மழை காணாப் பயிர் போல' என்று சொல்லட்டும். சிரிப்பும் வரும், வலியும் இருக்கும். மலாய்ப் பாடத்திலும் அவளுக்கு வேறொரு பட்டியல் காத்திருக்கிறது. 'காச்சாங் லுப்பாக்கான் கூலிட்', தோலை மறந்த கடலை, என்றால் நன்றி மறந்தவர். பாட்டி கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது அதைப் படித்துவிட்டு வந்தவள் தரையில் குவிந்த தோலைப் பார்த்து என்ன கேட்பாள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். மூன்று மொழிகளின் உவமைகள் மோதுகிற வீடு அது. மதுரையில் எழுதுகிறவருக்குக் கிடைக்காத வசதி.

இரண்டாவது வாக்கியம், "நிலா வானத்தின் மௌனக் கண்ணீர்த் துளி", பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை வெட்டிவிடலாம். சிறுமி பார்க்கும் நிலா எதிர் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். அதை அப்படியே எழுதினால் போதும்.

எண்ணிக்கைக்கு விடை வேண்டுமென்றே கேட்டால், நான் செய்யும் வேலையைச் சொல்கிறேன். படியை அச்செடுத்து, 'போல', 'மாதிரி', 'என' வரும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் இந்தப் பொருளை யார், எங்கே பார்த்தார் என்று எழுதிப் பாருங்கள். ஓரம் காலியாக இருக்கும் இடத்தை அடித்துவிடுங்கள். மூன்று அத்தியாயங்களில் பாதிக்குமேல் போய்விடும் என்று ஊகிக்கிறேன்; மீதி நிற்பதைப் பற்றி உங்கள் நண்பர் குறை சொல்லமாட்டார்.

கூடாரத்துக்கு வருகிறேன் என்றேன். பாட்டி மருத்துவமனையில் படுத்திருக்கும் கடைசி அத்தியாயத்தின் சுருக்கத்தைக் கொடுத்திருந்தீர்கள். அதில் அணையப்போகும் விளக்கும், கூடு விட்டுப் போகும் பறவையும் வருகின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள். உடலில் நீர்ச்சத்து குறைந்தால் கிள்ளிய தோல் கீழிறங்க இன்னும் அதிக நேரம் எடுக்கும்; மருத்துவர்களும் தாதியரும் பார்க்கும் குறிகளில் அதுவும் ஒன்று. சிறுமிக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஊசி குத்தாத கையை அவள் தேடி எடுத்து, வீட்டில் செய்ததுபோலவே கிள்ளிவிட்டு எண்ணத் தொடங்கட்டும். வீட்டில் மூன்றில் விழுந்த கூடாரம் இங்கே ஏழு வரை நிற்கட்டும். பாட்டி இன்று நன்றாக விளையாடுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.